கரடி நிலத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஆங்கரேஜிலிருந்து அத்தான் அனுப்பிய செய்தியில் இரண்டே கேள்விகள் இருந்தன. காலணி அளவு என்ன? துப்பாக்கியை எந்தக் கையால் பிடிப்பாய்? முதல் கேள்வி, ஆற்றுக்குள் இறங்கி நின்று மீன் பிடிப்பதற்கான நீர்புகாக் காற்சட்டைக்காக. இரண்டாவது, மார்பில் கட்டிக்கொள்ளும் துப்பாக்கி உறைக்காக. முதலாவதற்கு உடனே எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு 'வலக்கை' என்ற ஒரு சொல்லை அனுப்ப எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அக்காவும் அத்தானும் அலாஸ்காவில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஜூலையில் சாமன் மீன்கள் ஆறேறும் காலத்தில், தென்மேற்கு அலாஸ்காவின் அலக்னாக் ஆற்றில் ஐந்து நாள் காற்றடைத்த படகில் செல்லலாம் என்பது அத்தானின் நெடுநாள் திட்டம். கிங் சால்மன் என்னும் சிற்றூரிலிருந்து மிதவை விமானம் நான்வியானக் ஏரியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதன்பின் சாலையோ, வீடோ, கைப்பேசித் தொடர்போ கிடையாது. அந்த ஆற்றின் மேற்பகுதியை ஒட்டியிருக்கும் காட்மாய் தேசியப் பூங்காவில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. நாங்கள் எந்த மீனுக்காகப் போகிறோமோ அதே மீனுக்காகத்தான் அவையும் அதே கரைகளுக்கு வருகின்றன.

சிங்கப்பூரில் வளர்ந்த ஒருவனுக்குத் துப்பாக்கி என்பது சொந்தப் பொருளாக நினைத்துப் பார்க்கக்கூடிய ஒன்று அன்று. தேசிய சேவையில் எம்16 துப்பாக்கியைத் தோளில் சுமந்திருக்கிறேன், சுடுதளத்தில் படுத்தும் மண்டியிட்டும் சுட்டிருக்கிறேன், இரவில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் எண்ணிக் கொடுக்கப்பட்டு, ஒவ்வொரு வெற்றுறையும் எண்ணித் திரும்பப் பெறப்பட்டது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. குற்றத்துக்குப் பயன்படுத்தினால் மரண தண்டனை. அந்தச் சட்டத்தை நான் முழுமனத்தோடு ஏற்பவன். நள்ளிரவில் என் மகள் தேக்காவிலிருந்து தனியாக வீடு திரும்ப முடிகிற ஊரில் வாழ்வதற்கு நன்றியுள்ளவன். ஆகவே அத்தானின் கேள்வி எனக்கு வெறும் பொருள் தேர்வாகத் தோன்றவில்லை. அப்படி ஒன்றை உடலில் கட்டிக்கொள்வதென்றால் அதைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்துகொண்டே கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கரடியின் அளவைப் பற்றி எனக்கு இருந்த ஒரே நேரடி அறிவு மண்டாய் விலங்குத் தோட்டத்தில் கிடைத்தது. 1990இல் வெப்பமண்டலத்தில் முதன்முதலாகப் பிறந்த துருவக் கரடியான இனூக்காவை, 2018இல் அது இறக்கும் வரை, பிள்ளைகளோடு பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். 500 கிலோவுக்கு மேல் எடை கொண்ட அந்த உடல் தண்ணீருக்குள் பாயும்போது கண்ணாடிக்கு இப்பால் நின்ற குழந்தைகள் பின்வாங்குவார்கள். அலாஸ்காக் கடலோரத்தின் ஆண் பழுப்புக் கரடியும் இலையுதிர் காலத்தில் 450 கிலோவைத் தாண்டக்கூடியது. அது மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதாவது ஒரு நொடிக்கு 15 மீட்டர். நம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தூணருகே நின்று 30 மீட்டர் தொலைவிலுள்ள இன்னொரு தூணைப் பார்த்தால், அந்த இடைவெளி இரண்டு நொடிதான். நான் உண்மையிலேயே அப்படி நின்று பார்த்தேன். கைத்துப்பாக்கியைப் பற்றிய மற்ற எல்லாப் பேச்சும் இந்த இரண்டு நொடிக்குள் அடங்க வேண்டும்.

கரடிக்கு எதிராகக் கைத்துப்பாக்கி எதற்கு, நீள்துப்பாக்கி இருக்கும்போது? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. .30-06 ரைஃபிளின் குண்டு குழலைவிட்டுப் புறப்படும்போது ஏறத்தாழ 3,800 ஜூல் ஆற்றலோடு போகிறது. 12 கேஜ் ஷாட்கன்னின் தனிக்குண்டும் அதற்கு அருகில் வருகிறது. .44 மேக்னம் ரிவால்வரோ 1,200 முதல் 1,400 ஜூல் வரைதான்; 10 மி.மீ. பிஸ்டல், கடினக் குண்டோடு, 900 ஜூலைச் சுற்றி. கணக்கு இவ்வளவுதான் என்றால் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அத்தானிடம் இரண்டும் இருக்கின்றன, ஆனால் ஆற்றுக்குப் போகும்போது அவர் ரைஃபிளை எடுப்பதில்லை. காரணம் கேட்டபோது அவர் சொன்னது: "மீனச் சுத்தம் பண்ணும்போது ரைஃபிள் எங்க இருக்கும் தம்பி? மரத்துல சாஞ்சு நிக்கும்."

கைத்துப்பாக்கியின் தகுதி முழுவதும் அந்த ஒரு விடையில் இருக்கிறது. படகைக் கரைக்கு இழுக்கும்போதும், கூடாரத்துக்கு முளையடிக்கும்போதும், இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதும், தூண்டிலைப் பிடித்தபடி இடுப்பளவு நீரில் நிற்கும்போதும் இரு கைகளும் வேறு வேலையில் இருக்கின்றன. அந்த நேரங்களில் உடலோடு ஒட்டியிருப்பது எதுவோ அதுதான் ஆயுதம். மேலும், கீழே தள்ளப்பட்ட ஒருவனால் ரைஃபிளின் நீளத்தைத் திருப்ப முடியாது; கைத்துப்பாக்கியை ஒரே கையால், படுத்த நிலையிலும் பயன்படுத்த முடியும். ஆற்றலில் அது இழப்பதை அருகில் இருப்பதால் ஈடுசெய்கிறது. ஆகவே கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் அதன் பருமனையும் எடையையும் கூட்டிக்கொண்டே போய், மதிய உணவு வேளையில் கழற்றி வைக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், எடுத்த காரணத்தையே இழந்துவிடுகிறார். .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்னும் ரிவால்வர் 2003இல் வந்தது. அதன் ஆற்றல் ரைஃபிளை நெருங்குகிறது. ஆனால் நான்கு அங்குலக் குழல் கொண்டதே 1.6 கிலோ எடை. ஐந்து தோட்டாதான் கொள்ளும். அதை வாங்கியவர்கள் பலர் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று அத்தான் சொன்னதை நான் நம்புகிறேன்.

குண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் தவறாக எண்ணியிருந்தது இங்கேதான். மனிதரிடமிருந்து தற்காப்புக்காக விற்கப்படும் குண்டுகளின் முனை குழிவானது. உடலில் பட்டவுடன் மலர்ந்து, விரைவில் நின்றுவிடும். கரடியின் மேல் அது வேலைக்கு ஆகாது. அடர்ந்த மயிர், தடித்த தோல், கோடையின் முடிவில் கை தடிமனுக்குச் சேரும் கொழுப்பு, தோளின் தசையும் எலும்பும், சாய்வான மண்டையோடு ஆகிய எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு குண்டு நேராகச் செல்ல வேண்டும். ஓடிவரும் கரடியை அந்தக் கணமே நிறுத்துவது மூளையிலோ முதுகுத்தண்டிலோ படும் குண்டு மட்டுமே. இதயத்தில் பட்டால் அது சாகும்தான், ஆனால் சாவதற்கு முன் அதற்குக் கிடைக்கும் நொடிகள் நம்மை அடையப் போதுமானவை. அதனால் அலாஸ்காவில் தட்டையான முனையுள்ள, கடினமாக வார்த்த ஈயக் குண்டையோ, முழுச் செம்பாலான குண்டையோ தேடுகிறார்கள். 2016இல் அங்கே மீன்பிடி வழிகாட்டி ஒருவர், தம் விருந்தினரைத் தாக்க வந்த பழுப்புக் கரடியை வெறும் 9 மி.மீ. பிஸ்டலால் கொன்று நிறுத்தியது பலரால் பேசப்பட்ட நிகழ்ச்சி. 9 மி.மீ. போதும் என்பதற்குச் சான்றாக அதைக் காட்டுபவர்கள், அவர் பயன்படுத்தியது கடின வார்ப்புக் குண்டு என்பதையும், சுட்டவர் பல பத்தாண்டு அனுபவமுள்ளவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அத்தான் என் முன் வைத்தவை இரண்டு. ஒன்று, ரூகர் ரெட்ஹாக், .44 மேக்னம், ஆறு தோட்டா. மற்றொன்று கிளாக் 20, 10 மி.மீ., மேகசின் என்னும் தோட்டாப் பெட்டியில் பதினைந்து தோட்டா. .44 மேக்னம் 1955இல் வந்தது. அன்றிலிருந்து அலாஸ்காவில் கரடித் துப்பாக்கி என்றால் முதியவர்களுக்கு அதுதான். 10 மி.மீ. 1983இல் பிறந்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இப்போது ஆற்றங்கரைகளில் அதுவே மிகுதியாகக் காணப்படுகிறது. வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய்ச்சறுக்கு வண்டிகளில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் படையினரும் துருவக் கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள இதே கிளாக் 20ஐ வைத்திருந்தவர்கள்.

இரண்டில் ஒன்றைத் தாள்களில் படித்துத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்றுதான் ஆங்கரேஜ் போய் இறங்கும் வரை எண்ணியிருந்தேன். படித்தவரை ரிவால்வர் பக்கமே சாய்ந்திருந்தேன். அது எளிமையானது; விசையை இழுத்தால் உருளை சுழலும், ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். கரடியின் உடலோடு குழலை அழுத்தி வைத்துச் சுட்டாலும் சுடும். பிஸ்டலோ, முனை அழுத்தப்பட்டு மேற்சட்டம் பின்தள்ளப்பட்டால் சுடாமல் போகலாம். தளர்ந்த பிடியில் பிஸ்டல் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. இவை எல்லாம் உண்மை. ரிவால்வருக்கும் தன் குறை உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்: மிக இலகுவான உலோகத்தில் செய்த .44 ரிவால்வர்களில், பின்னுதைப்பின் வேகத்தில் அடுத்த அறைகளிலுள்ள குண்டுகள் தோட்டா உறையிலிருந்து முன்னோக்கி நழுவி, உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிடக்கூடும். ரெட்ஹாக்கின் கனம் அந்த இடரைக் குறைக்கிறது, ஆனால் அந்தக் கனத்தை ஐந்து நாளும் சுமக்க வேண்டும்.

பாமர் ஊருக்கு அப்பால், அத்தானின் நண்பருடைய நிலத்தில் ஒரு மண்மேட்டின் முன் சோதனை நடந்தது. ஏழு மீட்டர் தொலைவில் ஒரு காகிதத் தட்டு, கரடியின் முகத்துக்குப் பதிலாக. கைகள் இரண்டும் கீழே. அத்தான் 'ஹே' என்று கூவியதும் உறையிலிருந்து எடுத்துச் சுட வேண்டும். மூன்று நொடி கழிந்ததும் மறுபடி கூவுவார், அதோடு நிறுத்த வேண்டும். இதற்கு முன் இரண்டு நாள் வெற்றுத் துப்பாக்கியோடு எடுத்து நீட்டுவதை மட்டும் நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்திருந்தார். .44 ரிவால்வரில் என் முதல் குண்டு தட்டில் பட்டது. இரண்டாவது குண்டைச் சுட, மேலே தூக்கிய குழலை இறக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த சுற்றில், வரப்போகும் உதைப்பை எதிர்பார்த்து என் மணிக்கட்டு தானாகவே கீழே அமுங்கி, முதல் குண்டும் மண்ணில் போயிற்று. பத்துச் சுற்றுகளில் ஒரே ஒரு முறைதான் இரண்டு குண்டுகள் தட்டில் இருந்தன. என் கை சிறியது. அந்த நீண்ட, கனமான விசையை இழுத்து முடிக்கும்போது குழல் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. 10 மி.மீ. பிஸ்டலின் பிடியும் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று நொடிக்குள் நான்கு குண்டுகள் சுட முடிந்தது, மூன்று தட்டில் இருந்தன, அடுத்தடுத்த சுற்றுகளிலும் அப்படியே.

அத்தானுக்கோ .44 தான் நன்றாக வந்தது. அவர் தோளும் கையும் வேறு, பழக்கமும் இருபது ஆண்டு. எனக்கு எது நல்லது என்பதை என் கைகள் அந்தப் பிற்பகலில் சொல்லிவிட்டன. ஒவ்வொரு குண்டின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் துறந்து, தட்டில் படும் இரண்டு குண்டுகளைக் கூடுதலாகப் பெற்றேன். இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை: இரவல் வாங்கிய வலிமையைவிட, ஒருவரால் உண்மையில் குறியில் சேர்க்க முடிகிற வலிமையே கணக்கில் வரும். அந்த மண்மேட்டின் முன் நிற்காமல், மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்திருந்தால் தவறாகத்தான் எடுத்திருப்பேன்.

ஒரு நுணுக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. கிளாக்கின் தொழிற்சாலைக் குழலில் செம்பு உறையிடாத ஈயக் குண்டுகளைச் சுட வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. அதன் உட்புறச் சுழலமைப்பில் ஈயம் படிந்து அழுத்தம் கூடும் என்பது காரணம். சிலர் வேறு குழல் மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் பொருட்படுத்துவதில்லை. நாங்கள் முழுச் செம்புக் குண்டுகளை எடுத்துக்கொண்டு, அதே பெட்டியிலிருந்து இரண்டு மேகசின்களைச் சுட்டுப் பார்த்து, சிக்கல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம்.

துப்பாக்கி உறையைப் பற்றி முதலில் நான் அக்கறை கொள்ளவில்லை. இடுப்பில் அணிந்தால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டை அதை மூடிவிடும். நீர்புகாக் காற்சட்டை மார்பு வரை வருவதால் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஆழமான நீரில் நனையும். மார்பின் குறுக்கே, இடப்பக்கம் சாய்வாகக் கட்டினால் உட்கார்ந்தாலும், படகில் துடுப்புப் போட்டாலும், மல்லாந்து விழுந்தாலும் வலக்கை அதே இடத்தில் அதைக் காணும். ஐந்து நாளும் நான் அந்த உறையை உறங்கும்போது மட்டுமே கழற்றினேன், அப்போதும் தலைமாட்டில் வைத்தேன்.

இவ்வளவும் எழுதிய பின் சொல்கிறேன்: என் மார்பில் துப்பாக்கி இரண்டாவது கருவிதான். முதலாவது, பட்டையின் மறுபுறத்தில் இருந்த மிளகாய்ச் சாரத் தெளிப்பான். நம் சமையலறையில் மிளகாய் வறுக்கும்போது வீடே இருமுகிறதே, அதே காரப்பொருளை 1 முதல் 2 விழுக்காடு அளவில் அழுத்தத்தோடு அடைத்திருக்கிறார்கள். பத்து மீட்டர் அளவுக்கு ஒரு செம்முகில் போல விரியும். குறி பார்க்க வேண்டியதில்லை. கரடி தானாகவே அதற்குள் ஓடிவருகிறது.

டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்கா நிகழ்ச்சிகளைத் திரட்டி 2008இல் வெளியிட்ட கட்டுரையில், தெளிப்பான் பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்ச்சிகளில் பழுப்புக் கரடிகளை 92 விழுக்காடு தடுத்தது. தெளிப்பான் வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். அதே குழுவினர் 2012இல் துப்பாக்கி நிகழ்ச்சிகள் 269ஐ ஆராய்ந்தனர். கைத்துப்பாக்கி 37 முறையில் 31 முறை, அதாவது 84 விழுக்காடு, பயன் தந்தது. நீள்துப்பாக்கிக்கு அது 76 விழுக்காடு. இந்த எண்களை அருகருகே வைத்து வெற்றி தோல்வி பேசுவது சரியன்று. தெளிப்பான் நிகழ்ச்சிகளில் உணவைத் தேடி அல்லது ஆர்வத்தில் நெருங்கிய கரடிகளும் அடங்கும்; துப்பாக்கி நிகழ்ச்சிகளில் சினந்து தாக்கியவை மிகுதி. ஆனால் 2012 கட்டுரையின் ஒரு முடிவு என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களில், அதைச் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயமடைந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பிறகு எதற்குத் துப்பாக்கி? எதிர்க்காற்றில் தெளிப்பான் நம் கண்ணிலேயே திரும்பும். அலக்னாக் பள்ளத்தாக்கில் காற்று ஓயாது. ஒரு தெளிப்பான் சில நொடிகளில் தீர்ந்துவிடும். கூடாரத்தின் துணிக்குள் அதை அடித்தால் உள்ளே இருப்பவரே மூச்சுத்திணறுவார். இந்த மூன்று நிலைகளுக்காகவே 10 மி.மீ. துப்பாக்கி. வேறெதற்கும் இல்லை.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. விசாவின் பேரில் தற்காலிகமாக அமெரிக்காவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது விதிவிலக்குகளில் ஒன்று; நான் அலாஸ்காவின் உரிமத்தைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொண்டேன். 2010 பிப்ரவரியிலிருந்து மாநிலச் சட்டம் அனுமதிக்கும் துப்பாக்கிகளைத் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் கொண்டுசெல்லலாம். கனடா வழியே காரில் அலாஸ்கா போக எண்ணுபவர்கள் கைத்துப்பாக்கி எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அங்கே விதிகள் மிகக் கடுமையானவை. பயணிகள் விமானத்தில், துப்பாக்கி வெறுமையாக்கப்பட்டு, பூட்டிய கடினப் பெட்டியில், முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, சரக்கறையில் போகலாம். கரடித் தெளிப்பானோ எந்த வகையிலும் ஏற முடியாது. அதனால் அதைப் போய்ச் சேர்ந்த ஊரில்தான் வாங்க வேண்டியிருந்தது. மிதவை விமானத்தின் ஓட்டுநர் அதை வாங்கி, பயணிகள் இருக்கும் பகுதிக்குப் புறம்பாக மிதவைக்குள் வைத்துப் பூட்டினார்.

உயிரைக் காக்கக் கரடியைச் சுட நேர்ந்தால் அதோடு முடிவதில்லை. அதன் தோலை நகங்களோடு உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்து, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உணவையும் குப்பையையும் கவனமின்றி விட்டுவைத்துக் கரடியை வரவழைத்தவருக்குத் தற்காப்பு என்ற நியாயம் கிடைக்காது. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். சங்கப் பாடல்களில் எண்கு என்ற பெயரில் புற்றைத் தோண்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும் கரடியின் உறவுதான் இது. அதன் வீட்டுக்குப் போகிறவர் நாம். ஆகவே சமையலைக் கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளிச் செய்தோம். எல்லா உணவும், பற்பசை வரை, கரடியால் திறக்க முடியாத கலங்களில் இருந்தது. மீன் குடலை ஓடும் நீரின் நடுவில் எறிந்தோம். புதர் வழியே நடக்கும்போது ஓயாமல் பேசிக்கொண்டு சென்றோம்.

மூன்றாம் நாள் மாலை ஒரு சரளைத் திட்டில் படகை இழுத்துக்கொண்டிருந்தேன். கயிறு இரு கைகளிலும் சுற்றியிருந்தது. வில்லோப் புதரை விலக்கிக்கொண்டு பெண்கரடி ஒன்று வெளியே வந்தது. பின்னால் இரண்டு குட்டிகள். இடைவெளி, பிறகு நடந்து அளந்தபோது, முப்பத்தெட்டுக் காலடிகள். அத்தான் தாழ்ந்த குரலில், "ஓடாத. கயித்த விடு. பேசு," என்றார். கயிற்றை விட்டேன். என் வாயில் வந்தது 'அம்மா, நாங்க போயிடுறோம், நாங்க போயிடுறோம்' என்ற சொற்கள்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் இடக்கை தெளிப்பானின் பாதுகாப்புப் பிடியைக் கழற்றியிருந்தது. வலக்கை துப்பாக்கியின் பிடிமேல் இருந்தது, எடுக்கவில்லை. காற்று எங்கள் முதுகிலிருந்து கரடியை நோக்கி வீசியது. ஆகவே தெளிப்பானே போதும் என்பதை அந்த நேரத்தில் கணித்தேன், அது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கரடி மூக்கை உயர்த்தி எங்கள் வாடையை இழுத்தது, ஒரு குட்டியை மூக்கால் தள்ளியது, புதருக்குள் திரும்பிப் போயிற்று. படகு இருபது மீட்டர் கீழே ஒரு சாய்ந்த மரத்தில் தட்டி நின்றிருந்தது. நாங்கள் அன்றிரவு அந்தத் திட்டில் தங்கவில்லை. மேலும் இரண்டு மணி நேரம் கீழே சென்று எதிர்க்கரையில் கூடாரமடித்தோம்.

கிங் சால்மனுக்குத் திரும்பியதும் ஓடுதளத்தின் ஓரத்தில் அத்தான் மேகசினைக் கழற்றச் சொன்னார். குழலறையில் இருந்த தோட்டாவை வெளியே எடுத்து, எண்ணி, பெட்டியில் அடுக்கினேன், பதினாறும் இருந்தன. ஆங்கரேஜில் அக்கா என் மேற்சட்டையின் ஒவ்வொரு பையையும் புரட்டிப் பார்த்தாள். பாமரில் சுட்டபோது விழுந்த பித்தளை உறை ஒன்று உள்பையில் கிடந்தது. அனுமதியில்லாத தோட்டாவோடு சாங்கி விமான நிலையத்தில் இறங்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவளுக்கும் மறக்கவில்லை; வெற்றுறையானாலும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று அதை எடுத்து, அவர்கள் வீட்டு வண்டிக்கூடத்தின் அலமாரியில் வைத்தாள்.